சில்வர் ஓக் பெட்டியில் ஒரு சர்வர்

ஏற்காட்டில் எனக்கு ஒரு அறை இருந்தது. ஒண்டிக்கடை என்ற கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரம் ஏறினால் வரும், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரின் வீட்டுப் பின்பக்கம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவில் ஒரு பூட்டு. கட்டிலையும் ஜன்னலையும் விட எனக்கு அந்தப் பூட்டுதான் முக்கியம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். மலைமேல் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த எங்கள் ஓனர் ஒப்பந்தம் போட்டிருந்தார். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனது. நான் மட்டும் கையைத் தூக்கினேன். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டில் என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. முப்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத தங்கையை எப்படி நடத்த வேண்டுமோ அப்படி, மிகுந்த பொறுமையோடு நடத்தினார்கள். ஹாலில் டிவியை அணைத்த பிறகுதான் என் பாயை விரிக்க முடியும். என் துணிமணி அண்ணியின் பீரோவில் கீழ்த்தட்டில் இருந்தது. அதிலிருந்து யாரும் எதையும் எடுத்ததில்லை. ஆனால் வீட்டில் எது காணாமல் போனாலும் அந்தத் தட்டையும் ஒருமுறை கலைத்துப் பார்ப்பார்கள். கத்தரிக்கோல், காஸ் ரசீது, குழந்தையின் சாக்ஸ், எதுவானாலும்.

அதற்காக மலையில் ஆனந்தமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். தனிமை என்னைத் தின்றது. நாலு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி எதிர்வீட்டை மறைத்துவிடும். அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் முதல் வார்த்தை கரகரவென்றுதான் வரும். ரைட்டர் வீட்டு அக்கா எப்போதாவது காபி கொண்டுவந்து தருவார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்டியாப் படுத்துக்கறீங்களே, பயமா இல்லீங்களா?"

"பழகிருச்சுங்கக்கா."

பழகவில்லை. ஆனால் அழ வேண்டுமென்றால் கதவைப் பூட்டிக்கொண்டு அழலாம். அண்ணன் வீட்டில் அதற்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட வேண்டும்.

வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. செலவு மிச்சம் என்று ஓனர் அப்படித்தான் வாங்கியிருந்தார். சுவிட்சைப் போட்டால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது, தம் பெயர்கூடத் தெரியாது. உள்ளே ஒரு சின்னச் சிப் மட்டும் விழித்துக்கொண்டு, கறுப்புக் கேபிள் வழியாக, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடும். திரையில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு புள்ளி விழும். கேபிளின் மறுபக்கம் சர்வர் என்ற தாய்க் கம்ப்யூட்டர் இருந்தால் பதில் சொல்லி, வேண்டியதையெல்லாம் அனுப்பி எழுப்பிவிடும். சர்வர் இல்லையென்றால் புள்ளி விழுந்துகொண்டே இருக்கும். சில சாயங்காலங்களில் எல்லோரும் போன பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 

ஒரு வருடம் போனதும் ஓனர் போன் செய்தார். ஒரு பள்ளிக்காக ஒரு ஆளை மலையில் வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லையாம். மலையிலேயே கரடியூர்ப் பக்கம் இன்னொரு பள்ளி கேட்கிறது, அங்கேயும் கம்ப்யூட்டர்களை இறக்கிவிடலாம், ஆனால் இன்னொரு சர்வர் வாங்கும் பேச்சே இல்லை என்றார். "ஒன்னை வெச்சு ரெண்டையும் ஓட்ட முடிஞ்சா பாரும்மா. இல்லீன்னா மலையை மூடிரலாம். நீ கீழ வந்துரு."

கீழே என்றால் ஹால், டிவி, பாய். போனை வைத்ததும் முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் இந்தப் பள்ளி, மறுநாள் அந்தப் பள்ளி என்று சர்வரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாவது மலையில் இருந்தே தீருவது.

அது தூக்குகிற சாமான் இல்லை. அதற்கென்று ஒரு மேஜை, பெரிய மானிட்டர், கீபோர்டு, கரெண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி என்று ஒரு குடித்தனமே இருந்தது. ஒவ்வொன்றாகக் கழித்தேன். மானிட்டரும் கீபோர்டும் இல்லாமலே கிளம்பும்படி மாற்றினேன். சுவிட்சைப் போட்டால் யாரையும் எதுவும் கேட்காமல் தானே எழுந்து, கேபிளில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பள்ளிக் கம்ப்யூட்டர்களும் ஒரே ஜாதி இல்லை. இரண்டுக்கும் வேண்டியதைத் தனித்தனியாக அதற்குள் வைத்தேன். பெரிய பேட்டரிக்குப் பதில் சின்னதாக ஒன்று வாங்கித் தரும்படி ஓனரை நச்சரித்து வாங்கினேன்.

பெட்டி செய்ய, எஸ்டேட்டுகளுக்கு ஆரஞ்சுப் பெட்டி அடித்துக் கொடுக்கும் ஆசாரியிடம் போனேன். அளவு சொன்னேன். சில்வர் ஓக் பலகையில் அழகாக அடித்து, கைப்பிடியும் நாதாங்கியும் வைத்திருந்தார். ஆனால் பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி.

"ஏனுங்க, இப்பிடி சந்து உட்டு வெச்சிருக்கறீங்க?"

"காத்து போவோணுமுங்களே. இல்லீன்னா அழுகிப் போயிருமுங்க."

உள்ளே போவது பழம் இல்லை என்று அவரிடம் சொன்னேனா இல்லையா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே தூக்கிவந்தேன். சர்வரை உள்ளே வைத்து ஓட்டிப் பார்த்தால் அந்தச் சந்துகள் வழியாகத்தான் சூடு வெளியேறியது. பிறகு ஏன் வாயைத் திறக்கிறேன். பஸ்ஸில் போகும்போது மட்டும் பழைய கம்பளியைச் சுற்றிவிடுவேன். நாதாங்கிக்கு ஒண்டிக்கடையில் ஒரு சின்னப் பூட்டு வாங்கினேன்.

கரடியூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு முதல்முறை போனபோது கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கோழிங்களா?" என்றார். கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அதன்பின் அந்த பஸ்ஸில் நான் கோழி டீச்சர்.

பெட்டி ஓடுவதை வந்து பார்க்கிறேன் என்று ஓனர் சொன்னது காபி அறுவடைக் காலத்தில். அந்த மாதங்களில் மலையில் கரெண்டுக்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் பறித்த பழத்தை எடை போட்டு முடித்ததும் எஸ்டேட்டுகளில் பல்ப்பர், அதாவது பழத்தின் தோலை உரிக்கும் மிஷின், ஓட ஆரம்பிக்கும். வோல்டேஜ் இறங்கி, ஊரில் இருக்கும் பல்பெல்லாம் சிவந்துவிடும். அதனால் காலையிலேயே வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஓனர் ஏரியைப் பார்த்து, சாப்பிட்டு, படகில் வேறு போய்விட்டு, கரடியூருக்கு வந்தபோது எடை போடும் நேரம்.

 தலைமையாசிரியரும் ஓனரும் நிற்க, கம்ப்யூட்டர்களைப் போட்டேன். புள்ளிகள் விழுந்தன, சர்வர் பதில் சொன்னது, எல்லாம் எழுந்தன. தலைமையாசிரியர் ஏதோ கேட்க வாயெடுத்தபோது எங்கோ பல்ப்பர் கிளம்பியது. விளக்கு சிவந்தது. திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன. என் அறையும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். மேஜைக்கடியில் பெட்டி மட்டும் பேட்டரியில் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

 கொஞ்ச நேரத்தில் விளக்கு வெளுத்தது. பல்ப்பரில் ஏதோ அடைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். திரைகளில் புள்ளி விழ ஆரம்பித்தது. ஒன்று எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக எல்லாமே. நான் சுவரோரமாக நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"நீ கையே வெக்கலியேம்மா," என்றார் ஓனர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெக்க வேண்டியதே இல்லீங்க சார். பெட்டி லைன்ல இருந்தாப் போதும். அதுவே பாத்துக்கும். ஆளே வேண்டாம்," என்றேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கீழே இறங்கும் முன் காருக்குப் பக்கத்தில் நின்று ஓனர் பேசினார். நல்ல மனுஷன், என் நன்மைக்குத்தான் சொன்னார். பெட்டிதான் கையோடு வருகிற மாதிரி ஆகிவிட்டதே, மற்ற நாளில் அது சேலம் சென்டரில் ஓடட்டும். வகுப்பு உள்ள நாளில் காலை பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடலாம். ரெண்டு பள்ளியும் நடக்கும், அறை வாடகையும் இல்லை. "நீயும் உங்கண்ணன் ஊட்டோட இருந்த மாதிரி ஆச்சு. ஒண்டியா எத்தன நாளைக்குத்தான் கஷ்டப்படுவ?"

சரிங்க சார் என்றேன். வேறென்ன சொல்ல. தனிமை எனக்கு வேண்டும் என்று எந்தப் பெண் எந்த ஓனரிடம் சொல்லியிருக்கிறாள்.

ரைட்டர் வீட்டு அக்கா காபித்தூள் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். "அண்ணன் ஊட்டுக்கே போறீங்களா? நொம்ப நல்லதுங்க டீச்சர்." சாவியைக் கொடுத்தேன். எல்லோருக்கும் என்னை நினைத்துச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு சில வருடங்கள், மலைக்குப் பெட்டியோடு போய்ப் பெட்டியோடு வந்தேன். இறங்கியதும் சர்வரை சென்டரில் இறக்கி மாட்டிவிட்டு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவேன். சென்டரில் வைக்க இடமில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். இடம் இருந்தது. ஹாலில் டிவிக்குக் கீழே அது நின்றது. விரிக்கும் பாய்க்குத் தலைமாட்டில் வரும்.

ஒருநாள் அண்ணியின் கத்தரிக்கோல் காணவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைக் கலைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். கம்பளி மறைத்த பலகைச் சந்தில் கண் வைத்துப் பார்த்தார். வீட்டிலும் நான் கம்பளியைச் சுற்றியே வைத்திருப்பேன், ஒன்றும் தெரியாது.

"ஏங்கண்ணு, இதுக்குள்ள அப்படி என்ன இருக்குது? எப்பப் பாத்தாலும் பூட்டியே வெச்சிருக்கற."

"சர்வருங்க அண்ணி. தொடக்கூடாது."

அண்ணி கையை எடுத்துக்கொண்டார். கத்தரிக்கோல் சமையலறையில் கிடைத்தது.

சர்வர் அன்றைக்கு சென்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எதுவும் இல்லை. அந்தப் பூட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிவியை எப்போது அணைப்பார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.