தவளக்குப்பத்தில் ஆறு மணி நேரம்

காலை 5.20. சிதம்பரத்தில் புதுச்சேரி பேருந்து ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர். கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது கார் வாங்க. முப்பத்தைந்து வயதான, இரண்டே கதவுள்ள, கூரையை மடக்கிவிடலாம் என்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். எனக்கல்ல, தம்பி முரளிக்கு. ஈரலில் புற்றுநோய் முற்றி அவன் கட்டிலை விட்டு இறங்கி மூன்று வாரமாகிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். படுத்தபடியே போனில் அந்த விளம்பரத்தைத் தேடிப் பிடித்தவன் அவன்தான். "ஒரு தடவ ஸ்டியரிங் முன்னாடி உக்காந்துட்டா போதும்க்கா" என்றான். கூடவே ஒரு கட்டளை: "தரையப் பாரு. வண்டிக்குக் கீழ ஒழுகியிருந்தா வாங்காத."

7.30. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். பேரம் பேச மனமில்லை. வண்டிக்காரம்மாளைத் தெருவே மதாம் என்கிறது. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வண்டியும் அவரோடு கப்பலில் வந்தது. அவர் போய் நான்கு வருடம்.

"அவரு இருந்தா குடுத்திருக்க மாட்டாரும்மா. வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார் மதாம்.

குனிந்து தரையைப் பார்த்தேன். கழுவிவிட்ட சிமெண்டு, வண்டியின் மூக்குக்கு முன்னால் ஈரம் காயாத கோலம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. "பளிச்சுனு இருக்குடா" என்று முரளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். விடிந்ததும் வாசல் கழுவுகிற வீட்டில் தரை வேறெப்படி இருக்கும்? நாற்பது வருடமாக வாசல் தெளிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

9.15. பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினேன். இறங்கிப் பார்த்தபோது பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக மின்னியது. சாறு நன்றாகத் தெறித்திருக்கிறது, நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டேன்.

10.05. நோணாங்குப்பம். படகுக்காக நின்ற கூட்டம் சிவப்பு வண்டியைப் பார்த்துக் கையசைத்தது. நானும் மகாராணி கணக்காகக் கையசைத்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வேகத்தடை. பிரேக்கை மிதித்தால் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தினேன்.

மெக்கானிக் ஏழுமலை வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். பத்து நிமிடத்தில் அதில் மூன்று இடத்தில் கறை.

"கருப்பு எஞ்சின் ஆயிலு, ஊத்திக்கினே போலாம். பச்சை ரேடியேட்டர் தண்ணி, நின்னு நின்னு போலாம். பின்சக்கரத்துக்குக் கீழ இருக்குதே, இது பிரேக் ஆயிலு மேடம். இதோட ஒரு அடி நகரக்கூடாது."

"அது எலுமிச்சம்பழச் சாறுன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

முரளிதான் போனில் சிரித்தான். சிரித்து, இருமி, மூச்சு வாங்கி, ஏழுமலையிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் கப் கிழிந்திருக்கும், பழைய வேன் கப் சேருகிறதா என்று அளந்து பாருங்கள் என்றான். இத்தனை தெம்பாக அவன் பேசிப் பல வாரமாகியிருந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "நீங்க பஸ்ல போங்க மேடம். வண்டிய சாயங்காலம் நானே ஓட்டியாந்து உட்டுட்றேன்."

முரளிக்கு அது கேட்டுவிட்டது. "வண்டி இல்லாம வராதக்கா."

உட்கார்ந்தேன். எதிரில் பேருந்துகள் நின்று நின்று போயின. "கடலூர், சிதம்பரம்" என்று நடத்துநர்கள் கூவியது ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஏழுமலை கப் தேடி இரண்டு முறை டவுனுக்குப் போய்வந்தார். முதலில் கொண்டுவந்தது அளவு சேரவில்லை. ஒரு மணிக்கு யாரோ வாங்கிக் கொடுத்த தயிர்சாதம் இறங்கவில்லை.

3.10. தம்பி மனைவி கலா கூப்பிட்டாள். "அண்ணி, மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. எங்க இருக்கீங்க?" சக்கரம் கழற்றிக் கிடந்தது. இன்னும் அரை மணி என்றார் ஏழுமலை. சிதம்பரம் பேருந்து ஒன்று எதிரில் நின்றது. நான் எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த தவறு அதுதான். கோலமும் எலுமிச்சம்பழமும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

4.15க்குக் கிளம்பி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு இடத்தில் நின்று, 6.20க்கு எங்கள் தெருவில் திரும்பினேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ஹார்ன் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு அண்ணி" என்று கலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்றோடு ஒன்பது நாள். துக்க வீடு என்பதால் எங்கள் வாசலைக் கழுவுவதில்லை, கோலமும் இல்லை. மதாம் வீட்டில் கண்ணில் படாதது எல்லாம் இங்கே அப்படியே கிடக்கிறது. வண்டியின் மூக்குக்கடியில் கருப்பாக ஒரு வட்டம், பக்கத்தில் பச்சையாக ஒன்று, நாளுக்கு நாள் பெரிதாகின்றன. காலையில் எழுந்ததும் போய்க் குனிந்து பார்க்கிறேன். பின்பக்க இடது சக்கரத்தடியில் மட்டும் தரை காய்ந்திருக்கிறது. முரளியிடம் சொல்லலாம் என்று போனை எடுத்துவிடுகிறேன்.