லீவு நாள் தலையிடி

தினமும் காலையில் எழும்பியதும் என் மகளுக்குத் தலையிடி; குடித்த தேத்தண்ணியையும் சத்தி எடுப்பாள். மத்தியானத்துக்குள் சுகமாகிவிடும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நானும் மனைவியும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். இணுவில் மாமி வந்து கண்ணூறு கழித்தார். ரியூசன் வாத்தியார் ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல் கொடுக்கச் சொன்னார். அதையும் சத்தி எடுத்தாள்.

நடை தள்ளாடத் தொடங்கிய பிறகுதான் டொக்டரிடம் கூட்டிப்போனோம்.

"பிள்ளை லீவு நாளிலையும் சத்தி எடுக்கிறதோ?" என்று அவர், நடிப்பு என்ற எங்கள் தீர்ப்பைக் கேட்டுவிட்டுக் கேட்டார்.

சனி, ஞாயிறு, தீபாவளி, எல்லா நாளும் அவளுக்கு ரியூசன்.

"அவளுக்கு லீவு நாளே இல்லை, டொக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஸ்கானில் மூளைக்கட்டி தெரிந்தது. அதை வெட்டி எடுத்த பிறகு கண் விழித்த மகள் முதலில் கேட்டாள்: "அப்பா, இண்டைக்கு லீவோ?"