ஆடிக்கு முன்னால் குடிபோன மீன்

பிள்ளைகளா,

உங்கள் மாமன் போகிற கல்யாண வீட்டிலெல்லாம், பந்தியில் இலை விழுவதற்கு முன்பே நம் வீட்டு மீன் தொட்டிக் கதையைப் பரிமாறிவிடுகிறான். அவன் கதையில் நான் ஒரு முட்டாள். அவன் ஏதோ உதவிக்கு வந்த அப்பாவி. முதல் பாதி சரிதான். மற்றதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். சின்னவனே, உனக்குப் பாதிதான் ஞாபகமிருக்கும். மீதியை மாமன் உன் காதில் ஊற்றியிருப்பான். பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால், பெரியவளே, சிவப்பு மையில் வட்டம் போடு. உனக்குப் பிடித்த வேலைதானே.

கதை உங்கள் அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் தொடங்குகிறது. பெரியவளே, ராஜபாளையத்தில் என் மில்லுக்குப் பக்கத்து மீன் கடையில் நீ அழுது வாங்கின நீல நிற ஃபைட்டர் மீன், அந்தக் கண்ணாடி ஜாடியில் ஒரு வருஷம் குடியிருந்தது. பேர்தான் சண்டைக்காரன். சண்டை போட ஆளில்லாமல், ரிட்டையர் ஆன ஏட்டையா மாதிரி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஜாடியில் விரலை வைத்தால் விரல் போகிற பக்கமெல்லாம் வரும். உனக்கு ஓடி வரும். எனக்கு நடந்து வரும். ஆனாலும் வரும். நான் ஷிப்டு முடிந்து உள்ளே நுழைந்தால் எழுந்து வந்து மரியாதை கொடுத்த ஒரே உயிர் நம் வீட்டில் அதுதான்.

“அந்த ஜாடிய எனக்கு எப்பத் தருவீக?” என்று அம்மா மாதம் ஒரு முறை கேட்பாள். எலுமிச்சம்பழம் மலிகிற மாதத்தில் வாரம் ஒரு முறை கேட்பாள். அதனால்தான், “அதுக்கு ஒரு பெரிய தொட்டி வச்சுருவோம், செடியெல்லாம் நட்டு” என்று நான் வாயை விட்டது.

நான் மில்லில் ஃபிட்டர். நூல் அறாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் கொடுக்கிற பிளான்ட் என் பொறுப்பு. பம்பு, ஃபில்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் கைக்கு அடக்கம். அப்படிப்பட்டவனுக்கு இரண்டடி மீன் தொட்டியைப் பற்றி யார் என்ன சொல்லித் தர முடியும்? பெரியவளே, நீ போனில் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாய். செடி நட்டு, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் விடாமல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் விஷத்தைத் தின்கிற கிருமிகள் அதற்குள் மணலிலும் ஃபில்டரிலும் பெருகும் என்று வாசித்துக் காட்டினாய்.

“ஒரு மாசம் வெறுந் தண்ணிய வச்சு வேடிக்க பாக்கணுமா? வாரவுக என்ன நெனப்பாக?”

“எப்பா, வாரவுகளுக்கா தொட்டி வைக்கோம்? மீனுக்குத்தான வைக்கோம்?”

வாரவுகளுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். ஆடிப்பூரத் தேர் பார்க்க உறவெல்லாம் வருஷா வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் வீட்டில்தான் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு தொட்டி, அதற்குள் நீல மீன், பக்கத்தில் நான். இந்தப் படத்துக்கு மனதுக்குள் பிரேம் போட்டு மாலையும் போட்டாகிவிட்டது.

தொட்டி நிற்க இரும்பு ஆங்கிளில் நானே ஸ்டாண்ட் வெல்டு வைத்தேன். அதன் மேல் தொட்டியை வைக்கலாம். தொட்டி வேண்டாமென்றால் டிராக்டரை நிறுத்தலாம். பிறகு மீன் கடைக்குப் போனேன்.

“பாய், தொட்டி ஒண்ணு, செடி, மணலு, ஃபில்டர் எல்லாம் எடுங்க. வீட்டுல ஒரு ஃபைட்டர் இருக்கு. அதுக்குத் தொணையாச் சின்ன மீனு பத்து குடுங்க.”

“மீனு தர மாட்டேன் அண்ணாச்சி.”

“ஏன், யாவாரம் வேண்டாமா ஒங்களுக்கு?”

“நாப்பது நாள் கழிச்சு வாங்க, தாரேன். இன்னைக்கு வித்தா நாளான்னைக்கு செத்த மீனக் கவர்ல போட்டுக் கொண்டாந்து இதே மேசையில வப்பீக. ஒங்க அவசரத்தப் பாத்தாலே தெரியுது.”

விற்க மாட்டேன் என்று சொன்ன கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். நீயும் அவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

செடி வந்த சேதி சுந்தரபாண்டியத்தில் நெல் போட்டிருக்கிற உங்கள் மாமனுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு சாக்கோடு வந்து இறங்கினான். ஒன்றில் கரம்பை, கண்மாய் அடியில் படிகிற வண்டல் மண். இன்னொன்றில் ஆட்டுப் புழுக்கை.

“அத்தான், கடை மணல்ல என்ன சத்து இருக்கு? அடியில புழுக்கையப் போட்டு, மேல கரம்பையப் போட்டுத் தொழி கலக்கி விடுவோம். பத்து நாள்ல செடி தொட்டிய மீறிட்டு வந்துரும்.”

“தண்ணிக்குள்ள நிக்கிற செடில்லா மாப்ளே?”

“நெல்லு மட்டும் எங்கன நிக்கி? தார் ரோட்டுலயா?”

மறுத்துப் பேச முடியாத வாதம். நீ அன்று பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாசில் இருந்தாய். இரண்டு தடி ஆண்கள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு கையையும் விட்டு வயல் சேறு கலக்குவதுபோல் கலக்கினோம். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

“நாத்து நட ஆளு கூப்புடணுமா? இல்ல, கொலவை போட மட்டும் நான் வந்தாப் போதுமா?”

எல்லாவற்றுக்கும் மேலே கடையில் வாங்கின வெள்ளை மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, செடிகளை நட்டு, தண்ணீரை நிரப்பினேன். நீ வந்து பார்த்தபோது தொட்டி விபூதி பூசினதுபோல் சுத்தமாக இருந்தது.

“அடியில என்னப்பா?”

“கரம்பை.”

“கரம்பை சரி. வேற ஒண்ணும் போடலல்லா?”

“வேற என்னத்தப் போடப் போறோம்?”

இந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வை. மறுபடியும் இங்கே வருவேன்.

அதற்குப் பிறகு நான் நாள்காட்டியைப் பார்த்தேன். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது புது வீடு குடிபோவார்களா? நான் இதை மெய்யாகவே கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“எப்பா, மீனுக்கு ஏதுப்பா ஆடி?”

“வீட்டுக்கு உண்டுல்லா?”

“தண்ணி வச்சு ஒரு வாரங்கூட ஆகலப்பா. செத்துருச்சுன்னா?”

“அதெல்லாம் சாகாது. என் பொறுப்பு.”

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். கேசரி கிண்டினோம். மீன் புது வீட்டுக்குள் போய், நான்கு சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, செடிக்குள் நுழைந்தது. நான் கைதட்டினேன். ஜாடி காலியான ஐந்தாவது நிமிஷம் அதில் எலுமிச்சம்பழத் துண்டும் உப்பும் விழுந்துவிட்டன. உங்கள் அம்மா முகூர்த்தத்தை வீணாக்குகிறவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மணலிலிருந்து கொப்புளம் கொப்புளமாக ஏதோ கிளம்பி வந்து மேலே உடைந்து, அழுகின முட்டை வாடை அடித்தது. மீன் மூலையில், தண்ணீரின் மேல் மட்டத்தில், துடுப்பையெல்லாம் மடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. நாம் நான்கு பேரும் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மணலைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்பு உருண்டை மெல்ல, அவசரமே இல்லாமல், நம் கண் முன்னால் மேலே வந்து மிதந்தது.

“எப்பா, மீனு ஆயி போயிருக்கு!” என்று கத்தினாய், சின்னவனே.

“இம்புட்டுப் பெருசாவால போவும்?” என்றாள் அம்மா.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. பெரியவளே, நீ ஒன்றைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. “ஜாடி” என்று மட்டும் சொன்னாய்.

மாமன் சொல்லும் கதையில் எல்லாரும் சிரிக்கிற இடம் இதுதான். அவன் கதையில் இல்லாதது ஒன்று உண்டு, ஏனென்றால் அவனுக்கு அது தெரியாது. நீ என்னிடம் கேட்டாய். நான் இல்லையென்று சொன்னேன். புழுக்கையைப் போட்டது முட்டாள்தனம். அதைச் சொல்லி என்னைப் பார்த்து எத்தனை கல்யாண வீட்டில் வேண்டுமானாலும் சிரிக்கலாம். இல்லையென்று சொன்னது முட்டாள்தனம் கிடையாது. அதற்கு வேறு பேர். உனக்குத் தெரியும்.

அம்மா எலுமிச்சம்பழத்தைச் சட்டியில் கவிழ்த்துவிட்டு ஜாடியை உப்பு வாடை போகும்வரை கழுவினாள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற முடியாது, அதிலிருக்கிற பிளீச்சிங் பவுடர் மீனுக்கு ஆகாது; ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால்தான் போகும். ஆனால் குளியலறைப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் இரண்டு நாளாகத் திறந்து கிடந்தது. ‘வழியில வாளிய வச்சது யாரு’ என்று நான் முந்தின நாள்தான் வீடு அதிரச் சத்தம் போட்டிருந்தேன். அது நீ வைத்தது. என் பொறுப்பின் மேல் உனக்கு இருந்த நம்பிக்கை அம்புட்டுதான்.

ஜாடியில் விட்டதும் மீன் அடியில் போய்ச் சாய்ந்து படுத்துவிட்டது.

“போயிருச்சா?” என்றாய், சின்னவனே.

“செவுள் ஆடுது” என்றாய், பெரியவளே.

“சரியாயிரும்மா, நீ வேணாப் பாரு” என்று நான் ஆரம்பித்தேன்.

“ஏங்க, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க” என்றாள் அம்மா.

சும்மா இருக்கத் தெரியாததால் தொட்டியைக் காலிசெய்யப் போனேன். வாளி வாளியாக அந்தக் கருஞ்சாற்றைச் சாக்கடையில் ஊற்றினேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “செப்டிக் டேங்க் சுத்தம் பண்ணுறீகளா தம்பி?” என்றாள். “ஆமாக்கா” என்றேன். அதற்குள் உங்கள் மாமன் போனில், “அத்தான், பச்ச பிடிச்சிருச்சா?” என்றான். நான் சொன்ன பதிலை நீங்கள் பெரியவர்கள் ஆன பிறகு சொல்கிறேன்.

மூன்று நாள் மீன் தீனியைத் தொடவில்லை. நாலாம் நாள் ஒன்றைக் கவ்வியது. நீ அதை அம்மாவிடம் சொன்னாய், தம்பியிடம் சொன்னாய். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டேன்.

தொட்டியை இரண்டாம் தடவை நீயே வைத்தாய். கழுவின கடை மணல், தப்பிப் பிழைத்த செடிகள், ஃபில்டர், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினாய்: ‘அப்பா தொடக் கூடாது. மாமாவும்.’ எனக்கு மிஞ்சின ஒரே வேலை, குழாயில் தண்ணீர் வருகிற நாளில் வாளியை நிரப்பி மூலையில் திறந்து வைப்பது. மில்லில் ஒரு பிளான்டையே நம்பி என்னிடம் விட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு வாளி. செய்தேன். ஒரு நாள் செடி இலையெல்லாம் கரைந்து கூழானபோது கை துறுதுறுத்தது.

“செடி அழுகுதே” என்றேன், சுவரைப் பார்த்து.

“எம்மா, வேரு இருக்கு, தளிர் வரும்னு சொல்லுங்க” என்றாய், அம்மாவைப் பார்த்து.

“வேரு இருக்காம், வருமாம்” என்றாள் அம்மா. மூன்றடித் தூரத்துக்கு ஒரு தபால்காரி.

ஆடிப்பூரம் வந்தது. உறவு வந்தது. மீன் இல்லாத தொட்டியைச் சுற்றி நின்று, “வெறுந் தண்ணிக்கு லைட்டு வேற போட்டுருக்காக” என்று வியந்தது. கண்ணாடியில் ஒட்டின தாளை மாமன் சத்தம் போட்டு வாசித்து, “என்னைய எதுக்கு இதுல சேத்துருக்கு?” என்று கேட்டான். அப்படிக் கேட்டவன்தான், கதையை அன்றைக்கு ஆரம்பித்தான். இன்னும் முடிக்கவில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் தண்ணீரைப் பார்த்தாய். தெளிந்திருந்தது. செடியில் புதுத் தளிர் வந்திருந்தது. ஜாடியைத் தூக்கினாய்.

“பத்து நிமிசம் பொறுட்டி, ராகு காலம் முடியட்டும்” என்றாள் அம்மா.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“மீனுக்கு ஏது ராகு காலம்?” என்றேன்.

மீனை விட்டாய். ஓரம் கிழிந்த துடுப்போடு அது செடிக்குள் போய்த் திரும்பி வந்தது. நீ கண்ணாடியில் விரலை வைத்தாய். மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. “எப்பா, அந்த வாளிய எடுங்க” என்றாய். நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்து எனக்குக் கிடைத்த முதல் பேச்சு ஒரு வாளி. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்டு. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனீர்கள். அம்மா கடைக்குப் போனாள். நான் தொட்டி முன்னால் உட்கார்ந்து, நீ ஒட்டின தாளுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் விரலை வைத்தேன். மீன் செடிக்குள்ளிருந்து வெளியே வந்து பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். வரவில்லை.

விரலை எடுத்தால் கண்ணாடியில் ரேகை அப்படியே பதிந்திருந்தது. கைலி நுனியால் அதைத் துடைத்துவிட்டு, வாளியை நிரப்பி மூலையில் வைத்துவிட்டு, மில்லுக்குக் கிளம்பினேன்.