பரணில் ஏறிய சீரகப் பானை

வெறும் தண்ணீர் எனக்குச் சிறுவயதிலிருந்தே தொண்டையில் இறங்காது. எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் பல வீடுகளிலும் வழக்கமான சீரகத் தண்ணீரைத்தான் குடிப்பேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய என் கணவர், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷினை வாங்கிச் சுவரில் மாட்டினார். "ஏட்டி, இனி எதுக்கு வெள்ளம் காய்ச்சணும்? கேஸ்தான் வேஸ்ட்" என்று சீரகப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டார்.

மிஷின் தண்ணீர் எனக்குக் குமட்டியது. சொன்னால், "எல்லாம் கொழுப்பு" என்றார். நானும் வீம்புக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயாவிலேயே நாளை ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுக்கு எழுந்து நின்றவள், கண் இருட்டி அப்படியே சரிந்தேன்.

உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, சிறுநீரிலும் தொற்று என்றார் டாக்டர். உடனே இவர், "வீட்டுல மிஷினே வாங்கி வச்சிருக்கேன் டாக்டர், இவதான் குடிக்க மாட்டா" என்கிறார்! கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சீரக வெள்ளம் காய்ச்சுற பானையைப் பரணில ஏத்தினது யாரு? அதையும் சொல்லுங்க!" என்றேன்.

"சீரக வெள்ளம்னா இறங்குமா? அப்ப அதையே நிறைய குடியுங்கம்மா" என்றார் டாக்டர்.

இப்போது தினமும் காலையில் மிஷின் தண்ணீரைப் பிடித்து, சீரகம் போட்டுக் காய்ச்சுகிறேன். வெளியே போனாலும் பையில் ஒரு பாட்டில் இருக்கும். பானை ஆறியதும் முதல் டம்ளரை மொண்டு குடிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கேஸ் வேஸ்ட் என்று சொன்ன அதே மனிதர்தான்!