சோபாவுக்குள் ஒளித்த கவுதி

நான் துண்டுத்துணி பொறுக்குகிறவன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்படும் வேலையை எங்கள் வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அப்பா போன பிறகு அக்காவையும் என்னையும் படிக்கவைத்ததும், அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அந்தத் தையல் மிஷின்தான். கழுத்து வெட்டியதில் விழும் அரைவட்டம், லைனிங் ஓரம், பார்டர் நறுக்கு எல்லாம் முன்பு குப்பை வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊரடங்கில் எனக்கு ஆபீஸ் வேலை வீட்டுக்கே வந்தது. காதில் ஹெட்போன், யாரோ யாரையோ கேள்வி கேட்பார்கள், என் முறை வரும்வரை கை சும்மா இருக்கும். சும்மா இருந்த கை தரையில் கிடந்ததை எடுத்தது. ஊரடங்கு போனது, அந்தப் பழக்கம் போகவில்லை.

துண்டுகளை நிறம் பார்த்து அடுக்கி, ஒன்றோடொன்று மிஷினில் பிடித்து, நடுவில் பழைய நூல் சேலையை மடித்து வைத்து, அடியில் ஒரு வேட்டியைக் கொடுத்து, மேலிருந்து கீழ்வரை கையால் ஓட்டுத்தையல் போட்டால் கனமான ஒரு போர்வை கிடைக்கும். கன்னடத்தில் கவுதி என்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயர்தான் ஒட்டியது. கவுதி ஒட்டவில்லை.

“ஆம்பளப் பையன் வூட்ல ஒக்காந்து கந்தல் தெச்சினு கீறான்னு தெருவே பேசுது,” என்பாள் அம்மா.

“சிவாஜிநகர் போய்ப் பாரும்மா. மிஷின்ல ஒக்காந்திருக்கறது பூரா ஆம்பளைங்கதான்.”

“அவங்க பொழப்புக்குத் தெக்கிறாங்க. உனக்கு இன்னாடா கேடு?”

கூலிக்குத் தைத்தால் ஆண்பிள்ளை. ஆசைக்குத் தைத்தால் கேடு. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் எழுதிவைத்தார்களோ தெரியாது. இதே என் வயசுக்காரன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோபாவில் படுத்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் ‘பாவம், வாரமெல்லாம் உழைக்கிறான்’ என்பார்கள். நான் ஊசி எடுத்தால் மட்டும் குடும்ப மானம் கப்பல் ஏறிவிடும்.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் இருந்தது. முந்தைய சம்பந்தம் ஒன்று, நிச்சயம்வரை வந்து, ‘மாப்பிள்ளை துணி தைக்கிறாராமே’ என்ற கேள்வியோடு நின்றுபோனது. அதனால் தங்கவயலில் பெண் பார்க்கப் போனபோது, கல்யாணம் முடிகிறவரை கவுதியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காபித் தட்டோடு வந்தவள், அதை எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த காலி இடத்துக்கு நீட்டினாள். அக்கா பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் காபி பாய்க்குப் போயிருக்கும். “பொண்ணுக்கு வெக்கம்,” என்று அவளுடைய சித்தப்பா சிரித்தார். எனக்கு வெட்கமாகத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். முறைத்தாலும் பரவாயில்லை, எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு போனில் பேசினோம். ஸ்டாஃப் ரூம் சண்டைகளை அவள் சொல்லச் சொல்ல வயிறு வலிக்கச் சிரித்தேன். இவள்தான் வேண்டும் என்று இருந்தது. கவுதியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு எழுந்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வீடு பிடித்தால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு. காலையிலேயே அக்கா வந்துவிட்டாள்; அம்மா என்னை ஜாங்கிரி, மிக்ஸ்சர் வாங்கக் கடைக்கு விரட்டினாள். திரும்பி வந்தால் தையல் மிஷினைக் காணோம். மேஜை விரிப்புக்கு அடியில் போய், தலையில் பிளாஸ்டிக் பூச்சாடி சுமந்துகொண்டு நின்றது. போன வாரம்தான் முடித்திருந்த என் கவுதியையும் காணோம்.

“அக்கா, அது எங்க?”

“பத்திரமா கீது. பேஜார் பண்ணாத. போய் மூஞ்சி கழுவு.”

அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா ஆஜானுபாகுவான மனிதர். நேராகப் போய் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். எங்கள் சோபாவின் நடுப்பகுதி உள்வாங்கிப் பல வருஷம் ஆகிறது. அங்கே யார் உட்கார்ந்தாலும் முழங்கால் தாடைக்கு வந்துவிடும். இவர் அமிழவே இல்லை. ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புது பெட்ஷீட் வேறு விரித்திருந்தது. என் கவுதி எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது.

அக்காவைப் பார்த்தேன். அவள் மிக்ஸ்சரைப் பார்த்தாள்.

“சோபா நல்லா மெத்துனு கீதே. எங்க வாங்கனீங்க?” என்று அவர் ஒருமுறை உட்கார்ந்தபடியே குதித்துப் பார்த்தார்.

“புதுசு மாமா. பிரேசர் டவுன்ல சொல்லி செஞ்சது,” என்றாள் அக்கா, கண் இமைக்காமல்.

எனக்குக் காதெல்லாம் சூடானது. ஒளித்துவைத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அதன் மேல் ஊரை உட்காரவைத்து, அந்தச் சுகத்தையும் கடைக்காரன் கணக்கில் எழுதினால் எப்படிப் பொறுப்பது? இப்போது வாயை மூடினால் ஆயுசுக்கும் மூட வேண்டியதுதான். அந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு, அவள் வெளியே போகும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக ஊசியில் நூல் கோக்க வேண்டும். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு எதற்கு?

“சார், கொஞ்சம் எழுந்திருங்க,” என்றேன்.

பெண் கொடுக்க வந்த மனிதரை எழுந்திரு என்று சொன்ன மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவின் கையில் காபி டம்ளர் நின்றுபோனது. அவரும் ஏதோ பூரான் ஊர்கிறது என்று நினைத்து சட்டென்று எழுந்துவிட்டார். பெட்ஷீட்டைத் தள்ளி, கவுதியை உருவி, நடு வீட்டில் விரித்தேன். மாம்பழ மஞ்சளும் கிளிப் பச்சையும் அரக்கும் கத்தரிப்பூவும் டியூப்லைட்டில் பளிச்சென்று கிடந்தன.

“யாரு தெச்சது?” என்றார்.

“நான்தாண்ணா,” என்று முந்திக்கொண்டாள் அம்மா. “சும்மா, பொழுது போவலன்னு...”

“அம்மா இல்ல சார். நான்.”

சித்தப்பா சிரித்தார். “ஏன் தம்பி, ஆபீஸ்ல வேல இல்லியா?”

“இருக்கு. அது சம்பளத்துக்கு. இது எனக்கு.”

“விக்கிறியா?” என்று கேட்டார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

“இல்ல.”

“பின்ன இன்னாத்துக்கு?”

“போத்திக்க.”

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு, “போன்ல சொல்றோம்மா,” என்று செருப்பை மாட்டினார். போனில் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா?

“ஆயித்து! முடிஞ்சுது நம்ம கதை,” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “என் தலைல மண்ண வாரிப் போட்டியேடா! ஒரு மணி நேரம் உன்னால கம்முனு இருக்க முடியல?”

“ஒரு மணி நேரம்னா இருந்திருப்பேன். நீ ஆயுசுக்கும் கேட்ட.”

அம்மா கவுதியைச் சுருட்டி மறுபடியும் சோபாவின் பள்ளத்தில் திணித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். “இதுக்காவது ஒதவட்டும். எங்க, என்ன எழுந்திருன்னு சொல்லு பாப்போம்.”

சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தப் பெரிய மனிதரிடம் வந்த சொல், மிஷினில் குனிந்தே முதுகு வளைந்த அம்மாவிடம் வரவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. தோற்றுப்போனேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று, அவள் எதிரிலேயே அடுத்த கவுதிக்குத் துண்டு அடுக்க உட்கார்ந்தேன்.

புதன்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

“எங்கப்பாவ எழுந்திருன்னு சொன்னீங்களாமே?”

“ஆமா. சாரி எல்லாம் கேக்க மாட்டேன்.”

“கேக்காதீங்க. அவரை அப்பிடிச் சொல்ல எங்க குடும்பத்துல ஆளே கெடையாது.” சிரிப்பாள் என்று நினைத்தேன். குரல் கோபமாக இருந்தது. “நீங்க என்னப் பாக்க வந்தீங்களே, அன்னிக்கு என் கண்ணாடியக் கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டாங்க. சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லன்னா எனக்கு எதுவுமே தெரியாது. உங்க மூஞ்சிகூடத் தெரியல. வெள்ளையா ஒரு சட்டை ஒக்காந்திருந்துது, அவ்ளோதான்.”

காபித் தட்டு ஏன் காலி இடத்துக்கு நீண்டது என்று புரிந்தபோது, எனக்கும் சிரிப்பு வரவில்லை.

“அப்பா வேணாம்னுட்டாரு,” என்றாள். “நான் இன்னும் பாக்கவே இல்லியே, அதுக்குள்ள எப்பிடி வேணாம்? ஞாயித்துக்கெழம ரயிலேறி வரேன். கண்ணாடி போட்டுக்கினு வருவேன். உங்க வூட்ல சொல்லிடுங்க.”

சொன்னேன். “பொண்ணு தனியா மாப்ள வூடு தேடி வருதா? இது எந்த ஊரு பழக்கம்?” என்று அம்மா குதித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பால் கூடுதலாக வாங்கிவைத்தாள். நான் மிஷினின் மேலிருந்த பூச்சாடியை இறக்கி, விரிப்பை உருவி எறிந்தேன். அம்மா தடுக்கவில்லை. சோபாவின் நடுவில், கவுதியின் மேல், இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே வந்தாள். கண்ணாடி நிஜமாகவே தடிமன். அதற்குப் பின்னால் கண் சின்னதாகத் தெரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தலையிலிருந்து கால்வரை நிதானமாக, பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பார்த்தாள். நானும் அசையாமல் நின்று காட்டினேன்.

“ம்,” என்றாள். “சரி. இப்ப அந்தக் கவுதியக் காட்டுங்க.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்கும் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. யாரும் சொல்லாமலே, முழங்காலில் கையை ஊன்றி, அம்மா எழுந்தாள். பள்ளத்திலிருந்து கவுதியை அவளே உருவி, இரண்டு உதறு உதறி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

“தெச்சது இவந்தான்,” என்றாள். “துணி என்னுது.”