மயிரிழை மேடு

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் "எக்ஸ்ரே அக்கா"தான். பதினெட்டு வருஷமாக ஒரே அறை, ஒரே இயந்திரம். வேலையோ நினைத்தாலே சிலிர்க்கும்: அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒளியை வைத்து அளப்பது! கண்ணுக்குத் தெரியாத எக்ஸ்ரே ஒளியைத் தூளின்மேல் பாய்ச்சுவார். அணு அடுக்குகளில் பட்டுச் சிதறும் ஒளி சில கோணங்களில் மட்டும் தூக்கலாக வரும். அந்தக் கோணம் இடைவெளியைச் சொல்லிவிடும்.

ஒரே நிபந்தனை, தட்டின் குழியில் தூள் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கண்ணாடிச் சில்லு வைத்திருந்தார். புதன்கிழமை அது கைதவறி உடைந்துபோக, அவசரத்துக்குக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையால் ஒரு மாணவியின் தூளை வழித்து அளந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த ஆராய்ச்சி மாணவி துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, நீங்க எடுத்த அளவுல இடைவெளி சுருங்கியிருக்கு! மூணு வருஷமா இதுக்குத்தானே நாயா அலைஞ்சேன். திங்கக்கிழமை கட்டுரை அனுப்பறோம்!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தூள் மேடாக இருந்தாலும் கோணம் தள்ளிப்போய், இடைவெளி சுருங்கியதுபோலவே காட்டும். அவள் போனதும் அலமாரியிலிருந்த அந்தத் தட்டை எடுத்து, மேலே புதுக் கண்ணாடியை வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. தொட்டால் மறுபக்கம் சாய்ந்தது. அட்டை வளைந்துகொடுத்திருக்கிறது. நடுவில் மயிரிழை மேடு.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "நீ அளக்கறதும் கண்ணுக்குத் தெரியாது, பண்ண தப்பும் தெரியாது. பேசாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

சனிக்கிழமை காலையிலேயே தூளைச் சமமாக நிரப்பி மறுபடி அளந்தார். மாணவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"என்னக்கா இது? சுருங்கவே இல்லையே!"

"இல்லம்மா. முதல் தடவ நான் மேடா நிரப்பிட்டேன். உங்க கைடு சார்கிட்டயும் நானே சொல்லிட்டேன்."

"பதினெட்டு வருஷ சர்வீஸ்! ஒரு தூள சமமா நிரப்பத் தெரியல!" வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அக்கா, புதன்கிழமை அளவு பதிவான பழைய தாளில் 'இந்த அளவு செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை மாணவி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. கையில் நாலு குப்பிகள்.

"வேற சூட்டுல தயார் பண்ணேன். இதுல சுருங்குதான்னு பார்க்கணும்."

"பக்கத்து ரூம்லயும் ஒரு மெஷின் இருக்கேம்மா."

"அங்க தப்பு நடந்தா சொல்வாங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்களே நிரப்புங்கக்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் குப்பியைத் திறந்தார்.