அண்ணன் வீட்டு வராந்தாவில் குதிரை

எங்கள் குதிரைக்குக் கொட்டகைத் தாழ்ப்பாளை உதட்டால் தள்ளித் திறக்கத் தெரியும். திறந்தால் நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போகும். கொடியில் காயும் துணியைக் கடிக்கும், அண்ணி உலரப்போட்ட அரிசியில் வாய் வைக்கும். ஒருமுறை முள்கம்பியில் மாட்டி மார்பைக் கிழித்துக்கொண்டது. வேலை இருந்தால் தங்கம், சும்மா நின்றால் ஏதாவது வம்பு. ஃபீஜித் தீவில், வரதோலி ஊருக்கு அப்பால், அப்பா விட்டுப்போன கரும்புக்காட்டில் அண்ணனும் நானும் சேர்ந்துதான் பாடுபட்டோம். குதிரையும் இருவருக்கும் பொது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. கடைத்தெருவில் இந்தியர் யாரைப் பார்த்தாலும் நாட்டைவிட்டுப் போக விசா பேச்சு. ஒரு மாலை குதிரை பூட்டிக் களை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"நீயும் போயிருவியாண்ணே?"

"எங்கடா போறது? நீயும் நானும் இங்கதான். போய்க் குதிரைக்குத் தண்ணி காட்டு."

எங்கள் பிள்ளைகள் எல்லாம் இந்திதான் பேசினார்கள். அண்ணனும் நானும் மட்டும் எங்களுக்குள் தமிழ். அந்தப் பேச்சில் அவர் என்னிடம் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் கொட்டகை காலியாகக் கிடந்தது. வழக்கம்போல அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தேன். அண்ணி திட்டுவது கேட்கும் என்று நினைத்தால், குதிரையின் அலறல்தான் கேட்டது. வராந்தாவில் ஏறியிருக்கிறது. உளுத்த பலகை முறிந்து, ஒரு முன்னங்கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. உதற உதற ரத்தம்.

"அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் திரை இல்லை. சாமிப் படங்கள் இருந்த சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

என் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூர்வகுடி ஃபீஜியர் ஓடிவந்தார், பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ரம்பம் கொண்டுவந்தார். நான் சட்டையைக் கழற்றிக் குதிரையின் கண்களை மூடி, கழுத்தை அணைத்துக்கொண்டேன். அவர் பலகையை அறுத்தார். கால் வெளியே வந்தபிறகு இந்தியில் கேட்டார்.

"உங்க அண்ணன் ஆஸ்திரேலியா போனது உனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி எங்க வீட்டுல உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடிச்சுட்டுத்தான் கிளம்பினார். தம்பிகிட்ட சொல்லிட்டேன்னாரே."

நொண்டும் குதிரையை மெல்ல நடத்தி வீடு கொண்டுவந்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும், அண்ணன் போன் செய்தார். எடுத்ததுமே இந்தியில் பேசினார். நான் தமிழில்தான் கேட்டேன்.

"ஏண்ணே எங்கிட்ட மறைச்சே? ஊரான்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே."

"சொன்னா நீ அழுவே. எனக்குப் போக மனசு வந்திருக்காது" என்று இந்தியிலேயே சொன்னார். பிறகு, "குதிரை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புண் ஆறியது, ஆனால் அந்தக் கால் பாரம் தாங்கவில்லை. அந்த வருடம் மனைவியும் நானும் மண்வெட்டியால்தான் களை எடுத்தோம். பல வருடம் கழித்து அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு வந்தார். பந்தலில் எல்லோரும் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன்.